மழைக்கு டிக்கெட் கெடையாது, மாப்ளே!

மருமகனே, சேதி காதுக்கு வந்திருச்சி. கட்டார் வெயில்ல ஒம்பது வருசம் வெந்து சேத்த காசுல வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு அறை இழுக்கப் போறியாம். படுக்க இல்லையாம், ஆக்கித் திங்க இல்லையாம், சாமி கும்பிடவும் இல்லையாம். படம் பாக்க மட்டுமாம். 'ஹோம் தியேட்டர்'னு ஒங்கம்மா, அதான் எங்கக்கா, பீலிக்கரையில நாலு பொம்பளைங்க காதுல போட்டிருக்கா. அந்த நாலு பேரும் றொசல்ல ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோயி, நேத்து சாயங்காலம் எங்கிட்ட வந்து சேந்தப்ப அது 'ஹோட்டல் தியேட்டர்' ஆகியிருந்துச்சி. கொத்து ரொட்டியும் போடுவானான்னு கேட்டு அனுப்பினேன்.

சந்தோசத்துலதான் சொல்றேன், மூஞ்சியைத் தூக்காத. நம்ம பாட்டன் பூட்டன் குடியிருந்த லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அடுப்பு அதுக்குள்ள, படுக்கை அதுக்குள்ள, பிள்ளைப்பேறு அதுக்குள்ள, கோழிக்கூடை அதுக்குள்ள, நனைஞ்ச கம்பளியும் படங்கும் காயிறது அதுக்குள்ள. ஒரு காரியத்துக்கு ஒரு அறைங்கிறதெல்லாம் துரை பங்களாவுல மட்டும் உண்டு. சாப்பிட ஒண்ணு, சாஞ்சி பேப்பர் படிக்க ஒண்ணு, நாய் படுக்க ஒண்ணு. 2023ல 'மலையகம் 200'ன்னு தலைமன்னார்லேருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அந்த 200 வருசத்துக்கும் சேத்து நம்ம குடும்பத்துல ஒருத்தன் படம் பாக்கத் தனி அறை கட்டுறான்னா, தாய்மாமன் நான் குறுக்க நிப்பேனா? கட்டு, நல்லாக் கட்டு.

ஆனா நீ எழுதி வச்சிருக்கிற அந்தப் பட்டியலைக் கொஞ்சம் இப்படிக் குடு. மேலேருந்து படிக்கிறேன். 4கே புரஜெக்டர். 120 அங்குலத் திரை. ஸ்பீக்கர் பதினொண்ணு. சப்வூஃபர் ரெண்டு. சாயிற மெத்தை நாற்காலி நாலு. பாப்கார்ன் மெஷின். கடைசி வரி: 'செவுரு, சீலிங் - மிச்சக் காசுல.' மிச்சக் காசுலயா? கல்யாணத்துக்குப் பந்தல், மேளம், மோட்டார் எல்லாம் பேசி முடிச்சிட்டு, கடைசி வரியில 'பொண்ணு - கெடைச்சாப் பாப்போம்'னு எழுதின மாதிரி இருக்கு. இந்தக் காகிதத்தைத் தலைகீழாப் புடி. கீழேருந்து மேல படி. நான் சொல்ல வந்த புத்தி அம்புட்டுத்தான். மிச்சமெல்லாம் வெத்தலை மெல்லுறதுக்கு.

தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டின கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நீ மனசுக்குள்ள நெனைக்கிறது முகத்துல தெரியுது. கவ்வாத்துக் கத்தியைத் தொடுறதுக்கு முந்தி ஏழு வருசம் ஹட்டன் டவுன்ல ஒரு தியேட்டர்ல ஆபரேட்டருக்குக் கையாளா இருந்தவன்டா நான். 2,000 அடி ரீல் 22 நிமிசம் ஓடும். அது முடியிறதுக்குள்ள பக்கத்து மெஷின்ல அடுத்த ரீலைக் கோத்து வைக்கணும். நடுவுல கெடைக்கிற நேரத்துல அந்தச் சின்ன ஓட்டை வழியாப் படத்தைப் பாத்ததை விட ஆளுங்களைப் பாத்ததுதான் அதிகம். எந்த வரிசைக்காரன் அழுதான், எந்த வரிசைக்காரன் 'என்னா சொன்னான், என்னா சொன்னான்'னு பக்கத்து ஆளைக் கேட்டான்னு இன்னைக்கும் சொல்லுவேன். படம் எல்லாருக்கும் ஒண்ணுதான். உக்காந்த இடந்தான் வேற. இந்தப் பேச்சை மனசுல வச்சிக்க, பின்னால உதவும்.

மொதல்ல கூரைக்கு வருவோம். நாம குடியிருக்கிறது வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவுல. இலங்கையில மழை கொட்டுற ஊருகளை எண்ணினா வட்டவளை முன்வரிசையில நிக்கும். வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல. சென்னைப் பட்டணத்துக்காரன் மூணு வருசம் நனையிறதை நாம ஒரே வருசத்துல நனைஞ்சி முடிச்சிடுறோம். வைகாசியில தென்மேற்குக் காத்து ஏறிச்சின்னா ஆவணி தாண்டியும் எறங்காது. தகரத்து மேல அடை மழை விழுறப்ப பக்கத்துல படுத்திருக்கிற பொண்டாட்டி திட்டுறதே காதுல விழாது. நம்ம லயத்துல பல குடும்பம் அதனாலதான் பிரியாம இருந்திச்சி. அந்தத் தகரத்துக்குக் கீழ உக்காந்து, கதாநாயகி காதோட காதா ரகசியம் சொல்றதை நீ கேக்கப் போறியா?

இதுல பெரிய கூத்து என்னன்னா, படத்துல மழை பெய்யிறப்ப தலைக்கு மேலேருந்து சத்தம் வரணும்னு சீலிங்ல நாலு ஸ்பீக்கர் எழுதியிருக்க. டால்பி அட்மாஸாம், 2012ல வந்த வித்தையாம். டால்பிங்கிறது ஒரு மனுசன் பேர். ரே டால்பி, அமெரிக்காக்காரர், 1963லேருந்து 65 வரைக்கும் யுனெஸ்கோ ஆலோசகரா இந்தியாவுல வேலை பாத்தவர். அப்புறம் லண்டன் போயி கம்பெனி தொறந்து, டேப்புல கேக்கிற 'உஸ்'ங்கிற இரைச்சலை ஒடுக்கித்தான் பேர் எடுத்தார். இரைச்சலை ஒடுக்கின மனுசன் பேரைச் சொல்லி, றொசல்லயில தலைக்கு மேல மழைச் சத்தம் கேக்கக் காசு கட்டப் போற மொத ஆள் நீதான். தகரத்துக்குக் கீழ சும்மா போயி உக்காரு மாப்ளே. நம்ம ஊருல அட்மாஸ் இலவசம்.

சரி, கிண்டல் போதும், செய்யிற வேலையைச் சொல்றேன். தகரம் அதிர்றது தப்பு மேளம் மாதிரி. தப்பை அமுக்க உள்ளங்கையை வைக்கிறோமில்ல, அதே மாதிரி தகரத்தோட அடிவயித்துல ஒட்டினாப்புல மெத்தை கொடுக்கணும். அதுக்குக் கீழ ஒரு சாண் இடம் விடு. அந்தச் சாணுக்குள்ள ராக்வூல் பரப்பு. அதுக்குக் கீழ கனமான பலகையில ரெண்டு அடுக்கு சீலிங்; மேலடுக்கு மூட்டு விழுற எடத்துல கீழடுக்கு மூட்டு விழக்கூடாது. சாதா ஜிப்சம் பலகை நம்ம ஈரத்துக்கு அப்பளம் மாதிரி தொங்கிரும். ஈரம் தாங்குறதாப் பாத்து வாங்கு, இல்லாட்டி சிமெந்துப் பலகை. ஓரமெல்லாம் பூசி அடைச்சிரு. அப்புறம் அந்தச் சீலிங்ல ஸ்பீக்கருக்கு நாலு ஓட்டை போடுறேன்னு நின்ன, ஏணியை நானே எடுத்துருவேன்.

பின்பக்கம் மண்மேடு இருக்கில்ல, அதை மறந்துட்டியா? இந்திய வீட்டுத் திட்டத்துல குடுத்தது 7 பேர்ச்சஸ் நெலம், 550 சதுர அடி வீடு. அறைக்கு இடம் வேணும்னா மேட்டை வெட்டித்தான் ஆகணும். வெட்டுறதுக்கு முந்தி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்ககிட்ட காட்டி அனுமதி வாங்கு. செங்குத்தா வெட்டி, கான் எடுக்காம விட்டா, ஒரு ஆடி மாசத்து ராத்திரியில மேடே எறங்கி வந்து நடு நாற்காலியில உக்காந்து படம் பாக்கும். அதுக்கும் டிக்கெட் கெடையாது.

அடுத்தது அளவு. 'நீளம் 12, அகலம் 12'ன்னு எழுதியிருக்க. சதுரமாயிருந்தா அழகுன்னு ஒனக்கு யாரோ சொல்லியிருக்கான். சதுரம் கேரம் போர்டுக்கு அழகு. சத்தம் ஒரு நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் ஓடுற சாமான். 12 அடிச் செவுத்துக்குச் செவுரு போயி வர்றப்ப, நொடிக்கு 47 தடவை அதிர்ற கனத்த சத்தம் ஒண்ணு அந்த அளவுல அப்படியே மாட்டிக்கிட்டு நிக்கும். நீளமும் 12, அகலமும் 12ன்னா ரெண்டு பக்கமும் அதே 47 மாட்டும். மூலையில காது கிழியும், நட்ட நடுவுல ஒண்ணும் கேக்காது. அதனால நீளம் 16, அகலம் 12, உயரம் 9ன்னு வை. ஒண்ணு இன்னொண்ணுக்கு ரெண்டு மடங்கா வராமப் பாத்துக்க. 16க்கு 12ன்னா 192 சதுர அடி. ஒன் வீட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல. பாட்டன் காம்பராவை விட ஒண்ணரை மடங்குக்கும் மேல. அதை ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு அப்புறம் அத்திவாரம் வெட்டு.

இனி செவுரு. எங்க பழைய லயத்துல காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுச்செவுரு கூரை வரைக்கும் போகாது. இந்தத் தொங்கல் காம்பராவுல ஒருத்தன் இருமினா, அந்தத் தொங்கல்ல சுக்குத்தண்ணி கொதிக்க ஆரம்பிக்கும். செவுத்துல குத்தமில்லை, ஒரு அடிக் கனம் கருங்கல்லுச் செவுரு. மேல இருந்த சந்துதான் குத்தம். சத்தமும் தண்ணியும் ஒரே சாதி மாப்ளே. பெரிய அணையைப் பாக்காது, சின்ன ஓட்டையைத்தான் பாக்கும். நீ ஒம்பது அங்குலச் செவுரு எழுப்பி, கதவுக்கடியில ஒரு விரக்கடை சந்து விட்டா, ஒன் வில்லன் சுடுற துப்பாக்கி பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓ.எல். பாடத்துக்குள்ள போயி வெடிக்கும். கனமான கதவு போடு, நாலு ஓரமும் ரப்பர் அடி. வயர் வர்ற ஓட்டையைக் கூட மக்கு வச்சி அடை.

அப்புறம் அந்த முட்டை அட்டை விசயம். ரெண்டு மாசமா ஒங்கம்மா கடை கடையா ஏறி முட்டை அட்டை சேக்கிறா. கோழி வளக்கப் போறான்னு நெனைச்சேன். செவுத்துல ஒட்டினா சத்தம் வெளிய போகாதுன்னு நீ சொன்னியாம். தாளு மாதிரி இருக்கிற அட்டை எதையடா நிறுத்தும்? ரெண்டு காரியம் இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பாத. சத்தம் வெளிய போகாம, வெளிச் சத்தம் உள்ள வராம இருக்கக் கனம் வேணும், அடைப்பு வேணும். உள்ள எழும்புற சத்தம் செவுத்துல பட்டுத் திரும்பித் திரும்பி வராம இருக்க மெத்து வேணும். அது வேற, இது வேற. முட்டை அட்டை ரெண்டுக்கும் ஆகாது. கரப்பானுக்கு லயம் கட்டிக் குடுத்ததுதான் மிச்சமாகும், பத்தினா பத்திக்கிட்டு எரியவும் செய்யும்.

மெத்துக்கு ஒரு சின்னச் சோதனை. செவுரு பூசி முடிஞ்சதும் வெறும் அறையில நடுவுல நின்னு கையைத் தட்டு. 'ட்ரிங்ங்'னு ஒரு அதிர்வு கூடவே ஓடுதா? அதுதான் ஒன் எதிரி. மரச்சட்டம் அடிச்சி, ரெண்டு மூணு அங்குலக் கனத்துல ராக்வூல் வச்சி, மேல துணி போத்து. துணி எப்படிப்பட்டதுன்னா வாயை வச்சி ஊதினா அந்தப் பக்கம் காத்து வரணும். வராட்டி அது திரைச்சீலைக்குத்தான் ஆகும். தரைக்குக் கம்பளம் போடு, பின்செவுத்துல புத்தக அலுமாரி வை. புத்தகமா, எங்கிட்டேன்னு முழிக்காத. நீ படிக்காட்டியும் சத்தம் அதுல பட்டுச் செதறும். வாழ்நாள்ல மொத தடவையா ஒன் வீட்டுல புத்தகத்துக்கு ஒரு வேலை கெடைக்கும்.

அந்தச் சட்டத்தைச் செவுத்துல எங்க மாட்டுறதுன்னு கேப்ப. ஒங்கத்தையோட முகம் பாக்கிற கண்ணாடியைத் தாறேன், ஒடைக்காமக் கொண்டா. நீ உக்காருற நாற்காலியில உக்காந்துக்க. ஒன் பொஞ்சாதி கண்ணாடியைச் செவுத்தோட ஒட்டிப் புடிச்சிக்கிட்டு, மெதுவா நகத்திக்கிட்டே போகட்டும். எந்த எடத்துல கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் மூஞ்சி தெரியுதோ, அங்க ஒரு சட்டம். ரெண்டு செவுத்துலயும் இதே மாதிரி. அந்த எடத்துலதான் சத்தம் பட்டு ஒன் காதுக்கு எகிறி வருது. வேற கருவி வேணாம். பொஞ்சாதி மூஞ்சியும் நடுவுல ஒருதரம் தெரியும். சிரிச்சி வை, வேலை ஒழுங்கா நடக்கும்.

இப்ப பெட்டிக்கு வருவோம். பதினொரு ஸ்பீக்கர்ல ஆறை வெட்டு. முன்னுக்கு மூணு, பக்கத்துல காதுக்குக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி செவுத்துக்கு ஒண்ணா ரெண்டு, சப்வூஃபர் ஒண்ணு. 192 சதுர அடிக்கு இதுவே தேர்த் திருவிழா. மூணுல நடு ஸ்பீக்கருக்குத்தான் நல்ல காசு குடு. தமிழ்ப் படத்துல முக்கால்வாசி பேச்சு. அந்தப் பேச்சு வர்றது நடுவுலேருந்து. பெரிய தியேட்டர்ல திரைத்துணி முழுக்க ஊசி ஓட்டை இருக்கும், தெரியுமா? நடு ஸ்பீக்கர் அந்தத் துணிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். அதான் நடிகன் வாயிலேருந்தே பேச்சு வர்ற மாதிரி இருந்திச்சி. ஒனக்கு அது முடியாட்டி திரைக்குக் கீழ நட்ட நடுவுல, மூஞ்சியைக் கொஞ்சம் மேல தூக்கி வை.

சப்வூஃபரை எங்க வைக்கிறதுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கட்டம். நீ உக்காருற எடத்துல சப்வூஃபரைத் தூக்கி வை. கனத்த சத்தம் உள்ள ஒரு பாட்டைப் போடு. அப்புறம் நீ நாலு கால்ல தவழ்ந்து, செவுரோரமா அறையைச் சுத்து. எந்த மூலையில சத்தம் கொழகொழன்னு இல்லாமக் கட்டியா, சமமாக் கேக்குதோ, அந்த எடத்துல கொண்டுபோயி சப்வூஃபரை வை. தெரிஞ்சவங்க எல்லாரும் இப்படித்தான் செய்யிறாங்களாம். நீ தவழ்ந்து நான் பாத்து முப்பத்தஞ்சி வருசமாச்சி. அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடு, ஒங்கத்தையையும் கூட்டிக்கிட்டு வாறேன்.

ஒண்ணு மட்டும் ஒன்னால நிறுத்த முடியாது. ரயில். 1874ல நாவலப்பிட்டிக்கும் 1885ல நானுஓயாவுக்கும் தண்டவாளம் வந்துச்சி. நடுவுல நம்ம மலையைக் குடைஞ்சிதான் போச்சி. பொடி மெனிகே ரயில் ஏத்தத்துல மூச்சு வாங்கிக்கிட்டு வர்றப்ப வர்ற அதிர்வு மண்ணு வழியா வரும், செவுத்தைக் கேக்காது. வெள்ளைக்காரன் போட்ட சப்வூஃபர் அது. தியேட்டர் கதவுல ரயில் நேர அட்டவணையை ஒட்டி வச்சிட்டு, சண்டைக்காட்சியை அந்த நேரத்துக்குப் பாத்து ஓட்டு. கினிகத்தனைக்குக் கீழ கித்துல்கலையில டேவிட் லீன் துரை 1957ல வந்த 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக, ஆத்துக்குக் குறுக்கே நெசமாவே பாலத்தைக் கட்டி, நெசமான ரயிலை ஓட்டி, நெசமாவே வெடி வச்சித் தகர்த்தார். ஏழு ஆஸ்கார் வாங்கின படம். நம்ம மலைக்கு ரயிலும் சினிமாவும் கூடிப் பொறந்த சொந்தம்னு நெனைச்சிக்க.

திரைக்கு வா. 120 அங்குலம் வேணாம். 16 அடி அறையில பின்செவுத்துலேருந்து ஆறு அடி முன்னுக்குத் தள்ளி நாற்காலி போடு. பின்செவுத்தோட ஒட்டிப் போட்டா அடிச்சத்தம் முதுகுல வந்து குவியும், நட்ட நடுவுல போட்டா அதே சத்தம் காணாமப் போயிரும். அப்ப திரைக்கும் கண்ணுக்கும் பத்து அடி. பத்து அடிக்கு 75 அங்குல டி.வி.யே போதும். தியேட்டர் மாதிரி கண்ணு நெறைய வேணும்னா 100 அங்குலத் திரை. அதுக்கு மேல போனா டென்னிஸ் பாக்கிறவன் மாதிரி கழுத்து இங்கிட்டும் அங்கிட்டும் போகும். 100 அங்குலத் திரையோட அகலம் 87 அங்குலம். சாதாரண புரஜெக்டருக்கு அதுல ஒண்ணரை மடங்கு தூரம் வேணும், பதினோரு அடி. அதாவது ஒன் தலைக்கு ஒரு அடி பின்னால தொங்கும். அதோட விசிறி மூணு மணி நேரம் ஒன் உச்சந்தலைக்கு மேல உறுமும். வாங்குறப்ப சத்தமில்லாததாப் பாத்து, தூரத்தையும் அளந்து வாங்கு.

வெள்ளைத் திரையில கறுப்பு எங்கேருந்து வருது, யோசிச்சிருக்கியா? புரஜெக்டர் வெளிச்சத்தைத்தான் அடிக்கும், இருட்டை அடிக்காது. அறை எம்புட்டு இருட்டோ அம்புட்டுத்தான் படத்துல கறுப்பு. செவுத்துக்கு வெள்ளை அடிச்சி, பளபளன்னு டைல்ஸ் பதிச்சின்னா, படத்துல வர்ற பேய் கூடச் சாம்பல் பூசின சாமியாரா நிக்கும். மினுக்காத கரும்பெயின்ட் அடி, சீலிங்குக்கும் சேத்து. ஒங்கம்மா 'எழவு வீடு மாதிரி இருக்கு'ம்பா. விளக்கை அணைச்சி ஒரு படம் போட்டுக் காட்டு, வாயை மூடிக்குவா.

இனி நம்ம ஊரு ஈரம். தேயிலைத் தூளைத் தொறந்து வச்சா ஒரு வாரத்துல என்ன ஆகும்? அதே கதிதான் லென்ஸுக்கும். உள்ள பூஞ்சணம் புடிச்சிதுன்னா ஒன் கதாநாயகிக்கு ஆயுசு முழுக்கத் தேமல். ஸ்பீக்கர் விளிம்புல இருக்கிற நுரை நமுத்துப் போயி உதிரும். காமன் கூத்துப் பொட்டல்ல பனி எறங்கினதும் தப்புக்காரங்க என்ன செய்வாங்க? வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவாங்க. காய்ச்சாத தப்பு சாணி உருண்டையில அடிச்ச மாதிரி கேக்கும். ஒன் மெஷினையும் வாரத்துக்கு ரெண்டு தரமாவது ஓட்டு, அந்தச் சூட்டுலயே ஈரம் போகும். அறையை அடைச்சி அடைச்சி வச்சிட்டு மனுசன் மூச்சு விடவும் வழி விடு. காத்து வர்ற குழாயை ரெண்டு மூணு வளைவு வளைச்சி, உள்ள மெத்து ஒட்டி எடுத்தா காத்து வரும், சத்தம் வராது. மறந்தின்னா இடைவேளைக்கு முந்தியே எல்லாரும் குறட்டைதான்.

கரண்டுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினானே, அப்ப நீ கட்டார்ல ஏசியில இருந்த. விளக்கு வச்ச புரஜெக்டர் பொசுக்குன்னு நின்னா சூடு வெளிய போக வழியில்லாம விளக்கு சாகும். சின்னதா ஒரு யூ.பி.எஸ். வை. நல்லா எர்த் அடிச்சி எடு. சித்திரை, ஐப்பசிச் சாயங்காலங்கள்ல வானம் உறுமினா கதாநாயகன் சாகக் கெடந்தாலும் பிளக்கைப் புடுங்கிரு. அவன் அடுத்த படத்துல பொழைச்சி வருவான், ஆம்ப்ளிஃபயர் வராது.

காசுக் கணக்கு ஒண்ணு. நீ எழுதின பெட்டிகளுக்கு மட்டும் நாலு லட்சம் போட்டிருக்க. 2024ல நாள் சம்பளம் 1,350ன்னு முடிவாச்சில்ல, அதால வகுத்துப் பாத்தேன். 296 நாள். மலையில ஒரு பொம்பளை அட்டைக் கடியோட வருசம் முழுக்கக் கொழுந்து பறிச்சா வர்ற நாள் கணக்கு. வாங்காதேன்னு சொல்லலை. அதுல பாதியைக் கூரைக்கும் செவுத்துக்கும் மாத்து. சாதாரணப் பெட்டி நல்ல அறையில தேன் மாதிரி பேசும். ராசா வீட்டுப் பெட்டியும் தகரக் கொட்டகையில தகரமாத்தான் பேசும். பெட்டியைப் பத்து வருசத்துல மாத்துவ. செவுத்தை மாத்த மாட்ட.

நாங்க பாத்த ஹோம் தியேட்டரையும் கேட்டுட்டுப் போ. 1979 ஏப்ரல்ல ஐ.டி.என். டி.வி. வந்துச்சி. 1982 பெப்ரவரி 15ல ரூபவாஹினி வந்துச்சி. 2,524 மீட்டர் உயரத்துல பிதுருதலாகலை உச்சியில கோபுரம். நம்ம மலையிலேருந்துதான் நாட்டுக்கே படம் போச்சி, நம்ம லயத்துல கரண்ட் கெடையாது. மோட்டார் பேட்டரியை டவுன்ல சார்ஜ் ஏத்தி, சாக்குல கட்டித் தலையில சுமந்து ஏறுவோம். டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கோயில் வாசல்ல விடிய விடிய மூணு படம். பேட்டரி எறங்க எறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். சிவாஜி வசனத்தை ஆரம்பிக்கிறப்ப பெட்டி முழுக்க இருந்தார், முடிக்கிறப்ப உள்ளங்கை அளவு ஆயிட்டார். ஒருத்தனும் எழும்பிப் போகலை. கிட்ட நகந்து உக்காந்தோம், அம்புட்டுத்தான்.

டவுன் தியேட்டர்ல வேலை பாத்தவன்னு சொன்னேனே, வி.பி. கணேசன் 1975ல எடுத்த 'புதிய காற்று' வந்தப்ப நம்ம சனம் தோட்டம் தோட்டமாத் திரண்டுச்சி. தெளிவத்தை ஜோசப் எழுதின கதை, தோட்டத்து ஆளுங்க கதை. திரையில கொழுந்துக் கூடை வர்றப்ப பின்வரிசையில ஒரு கெழவி எந்திரிச்சி நின்னு பாத்தா. உக்காரு உக்காருன்னு ஒருத்தரும் கத்தலை. அந்தத் தியேட்டர் ஸ்பீக்கர்ல பாதி கிழிஞ்சி கெடந்துச்சி, எனக்குத்தான் தெரியும்.

இதைச் சொல்லி ஒன் ஆசையில மண்ணைப் போட வரலை. கிழிஞ்ச ஸ்பீக்கர் நல்லதுன்னு எந்த மடையன் சொல்லுவான்? நல்ல சத்தத்துல, காஞ்ச கால்களோட, மழை கேக்காத ஒரு அறையில உக்காந்து படம் பாக்க நம்ம சனத்துக்கு எல்லாத் தகுதியும் இருக்கு. சத்தத்தை மட்டும் அளவா வை. படத்துல உச்சக்கட்டத்துக்கு 105 டெசிபல் வரைக்கும் போகும்னு எழுதியிருக்கான், அந்தச் சின்ன அறைக்கு அது வேணாம். காது ஒரு தடவை போனா கட்டார் போயும் சம்பாதிக்க முடியாது.

கடைசியா நாற்காலி. நாலு எழுதியிருக்க. இம்புட்டு நேரம் நான் சொன்ன கணக்கு, பின்செவுத்துலேருந்து ஆறு அடி, திரையிலேருந்து பத்து அடி, ரெண்டு செவுத்துக்கும் சரி நடுவு, கண்ணாடி புடிச்சிப் பாத்தது, தவழ்ந்து பாத்தது எல்லாம் ஒரே ஒரு எடத்துக்குத்தான் ஒத்து வரும். சின்ன அறையில அந்த ஒரு எடத்துலதான் எல்லாச் சத்தமும் சரியா வந்து சேரும். மத்த எடமெல்லாம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் கொறையும். நாலு நாற்காலி போட்டா நடு எடத்துல கைப்பிடிதான் வரும். அதனால அஞ்சாப் போடு, நடுவுல ஒண்ணு வரும்.

அந்த நடு நாற்காலி யாருக்குன்னு கேக்கிறியா? ஒனக்குக் காது குத்தினப்ப மடியில வச்சது யாரு? ஒன் கல்யாணத்துல மொத மாலை யாரு போட்டது? தாய்மாமன் சீரு எடுத்து வர்றப்ப கூச்சப்படாம வாங்கினியே, இப்ப தாய்மாமன் சீட்டுக்கு மட்டும் யோசிக்கிற. இத்தினி புத்தி சொன்னதுக்கு நான் கூலி கேக்கலை. பாப்கார்ன் மெஷினை வெட்டிட்டு, அந்தக் காசுல எனக்குப் பக்கத்துல ஒங்கத்தைக்கு ஒரு நாற்காலி போடு; அவிச்ச கடலை அவ கொண்டு வருவா.

வைகாசி மழைக்கு முந்தி கூரையை முடிச்சிரு, மாப்ளே. பெட்டி மெதுவா வரட்டும். மொத நாள் நான் வெறும் அறையில உக்காந்து, வெளிய கொட்டுற மழை உள்ள கேக்குதான்னு பாக்கணும். கேக்கலைன்னா மத்த நாற்காலிக்கெல்லாம் நீ ஆள் கூப்பிடலாம்.